முந்தியில் வந்த வரது

உலகத்திலேயே அநியாயமாகக் கோபப்படுகிற மனிதர் எலி மாஸ்டர்தான். என்னை அதிகமாகக் கோபப்படுத்திய மனிதரும் அவர்தான். இந்த இரண்டாவது பட்டத்துக்காக என் கணவர் பல வருடங்களாக முயன்றுகொண்டிருக்கிறார். கிட்டத்தில்கூட வர முடியவில்லை.

இரண்டாயிரம் பிறந்த புதிது. காஞ்சிபுரத்தில், பட்டுப்புடவைக்கு டிசைன் போட்டுத் தரும் ஒரு மாடியறையில் நான் வேலை பார்த்தேன். புடவையில் மயிலோ மாங்காயோ வரவேண்டுமென்றால் முதலில் அதைக் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைய வேண்டும். அந்தக் கட்டங்களைப் பார்த்து அட்டையில் துளை குத்தித் தறிக்கு அனுப்புவார்கள். மாஸ்டர் வரைவார், நான் குத்துவேன். ஒரு கட்டம் தப்பினால் மயிலுக்கு மூக்கு போய்விடும். அப்புறம் அவர் என்னைத் திட்டுவது கீழே பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும்.

அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணம் ஆகவில்லை. சிங்கப்பூரிலிருந்து வந்த அவருடைய அக்கா, தன் மகன் விளையாடிச் சலித்த வீடியோ கேம் ஒன்றை வீட்டில் விட்டுப் போயிருந்தார். சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். அதற்குள்ளே காடும் மலையும் ஊரும். எங்கே பார்த்தாலும் குட்டிக் குட்டி பூதங்கள். அவற்றைப் பிடித்துச் சேர்த்து, வளர்த்து, மற்றவர்களின் பூதங்களோடு சண்டைக்கு விட வேண்டும். நெருப்புக் கக்குவது, மலையைப் பெயர்ப்பது என்று விதவிதமாக இருக்க, இந்த மனிதர் வளர்த்தது ஒன்றே ஒன்றைத்தான். ஆட்டத்தின் முதல் புல்வெளியிலேயே காலில் இடறும் ஒரு சுண்டைக்காய் ஜந்து. பானை வயிறு, வெற்றிலை போல் இரண்டு காது, சுருண்ட வால், மீசை. அது எலி என்று சொல்லக் கண் டாக்டர் தேவையில்லை.

ஆனால் சொல்லிவிடக் கூடாது.

"எலியா? யாரைப் பாத்து எலின்றே? அதுக்குப் பேர் இருக்குதும்மா. வரது!"

சின்னக் காஞ்சிபுரத்துக்காரர், பெருமாள் பெயரைத்தான் வைத்திருந்தார். எலி மாஸ்டர் என்பது அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்த பெயர்.

ஒருமுறை அவசர டிசைனுக்காகப் புடவை வியாபாரி ஒருவர் வந்து நின்றார். மாஸ்டர் ஆட்டத்திலிருந்து தலையே தூக்கவில்லை.

"இருய்யா, வரதுக்கு உடம்பு சரியில்ல."

"ஐயோ, டாக்டராண்ட காட்டினீங்களா?"

"ஆஸ்பத்திரிக்குத்தான் போய்க்கினு இருக்குது. வழியில ஒரு பாம்பு மறிச்சிக்கிச்சி."

பாவம், வியாபாரி பதறிப்போய் மறுநாள் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்துவிட்டார். மாஸ்டர் அவரிடம் பெருமையாகத் திரையைக் காட்டினார். வியாபாரி ஒரு நிமிடம் அதையே பார்த்தார். சாத்துக்குடிப் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அந்த ஆர்டர் வேறு கடைக்குப் போனது. முதலாளியிடம் திட்டு வாங்கியது யார்? "நீயாவது முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்று என்னைத்தான் கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு அட்டையோடு மேஜையையும் சேர்த்துக் குத்தியிருப்பேன்.

இத்தனைக்கும் நிஜ எலியைக் கண்டால் அவருக்கு ஆகாது. அட்டைகளைக் கடித்த எலி ஒன்றைக் கையில் ஸ்கேலோடு அறை முழுக்கத் துரத்தினார். "பாவம் மாஸ்டர், வரதுக்குச் சொந்தக்காரனாச்சே" என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். எலியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். இரண்டு நாள் என் முகத்தில் விழிக்கவில்லை. அந்த இரண்டு நாளும் நன்றாக இருந்தது.

பிறகு எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. முகூர்த்தப் புடவை கடையின் பரிசு என்றார் முதலாளி. டிசைன் மாஸ்டர் பொறுப்பு. முந்தியில் வரிசை வரிசையாக மாங்காய் வரும் என்றார்கள். அரக்கு நிறம், நல்ல சரிகை. எனக்கு வாயெல்லாம் பல்.

மண்டபத்தில், மணையில் உட்காரும் நேரத்தில், வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்த என் பெரிய நாத்தனார் முந்தியைச் சரிசெய்யக் குனிந்தார்.

"இன்னாது இது? மாங்காவுக்கு மீசை இருக்குது?"

இன்னும் குனிந்தார்.

"ஐயையோ, எலிம்மா! கல்யாணப் புடவைல எலி!"

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் இடிபோல் வந்தது.

"எலி இல்லம்மா!"

மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். நான் முந்தியைப் பார்த்தேன். கடைசி வரிசை முழுக்க, வெற்றிலைக் காதும் சுருண்ட வாலுமாக ஒன்பது வரது! தூரத்தில் பார்த்தால் மாங்காய்தான். எனக்கு இன்னும் எரிவது என்ன தெரியுமா? அந்த அட்டைகளைக் குத்தியதே நான்தான். "தென்னேரி பார்ட்டி ஆர்டர்மா" என்று வேறு யாருக்கோ போலச் சொல்லித்தான் மாஸ்டர் தாளை நீட்டியிருந்தார். வரிவரியாக ஸ்கேல் வைத்துக் குத்துகிறவளுக்கு முழுப் படமா தெரியும்?

மாமியார் முகம் கறுத்துவிட்டது. "நல்ல காரியத்துல இன்னாம்மா இது? புடவையை மாத்து மொதல்ல" என்றார். முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. மாற்றுப் புடவை வீட்டில். என் அப்பா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நல்லவேளை, புரோகிதர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"மூஷிகம்மா! பிள்ளையார் வாகனம். தானா வந்து முந்தில உக்காந்திருக்கு. இதைவிட நல்ல சகுனம் ஏது? உக்காருங்கோ."

மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எல்லாம் அடங்கியது, ஒருவரைத் தவிர.

"மூஷிகமும் இல்ல சாமி! வரது!"

தாலி கட்டியதும் அவரை ஓரமாக இழுத்துப் போய்ப் பல்லைக் கடித்தேன். "இன்னா காரியம் மாஸ்டர் பண்ணீங்க? ஊருக்கெல்லாம் மயில் போடுறீங்க, எனக்கு மட்டும் இதுவா?"

அவர் என்னைவிடக் கோபமாகக் கேட்டார்: "மயிலு உனக்காக சண்டை போடுமாம்மா? புது வூட்டுக்குப் போற. வரது இதுவரைக்கும் யார்கிட்டயும் தோத்தது கிடையாது."

அப்போது அது எனக்குக் கிறுக்காகத்தான் பட்டது. லீவு முடிந்து வேலைக்குத் திரும்பியும் அவரோடு பேசவில்லை. அவர் வரைந்த தாள்களை முதலாளி வழியாகவே வாங்கினேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் மாஸ்டர் கத்தவில்லை. மறுநாளும் கத்தவில்லை. நான் ஒரு அன்னத்தின் கழுத்தையே விட்டுவிட்டேன். பேசாமல் அவரே சரிசெய்தார். முதலாளிதான் விஷயத்தைச் சொன்னார். விளையாட்டைச் சேமித்து வைக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துபோய்விட்டதாம். ரிப்பேர் கடையில் புது பேட்டரி போட்டார்கள். ஆட்டம் முதலிலிருந்து ஆரம்பித்தது. அவர் வளர்த்த வரது அதில் இல்லை.

இரண்டு வாரம் பொறுத்தேன். அந்த அமைதி எனக்குக் கத்தலைவிட எரிச்சலாக இருந்தது. ஒருநாள் காலை முகூர்த்தப் புடவையைக் கொண்டுபோய் அவர் மேஜையில் பொத்தென்று போட்டேன்.

"இந்தாங்க, உங்க எலி."

அதற்கும் அவர் கத்தவில்லை. முந்தியை விரித்து, லென்ஸை எடுத்து, பென்சில் முனையால் ஒவ்வொரு கட்டமாக எண்ணிக் கிராஃப் தாளில் ஏற்றினார். வயிறு, வால், மீசை. ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். திடீரென்று பென்சிலை வீசினார்.

"இடது காதுல ஒரு கட்டத்தை வுட்டுட்டியேம்மா! ஒம்போதுலயும் வுட்டிருக்கியே! காது கேக்குமா அதுக்கு?"

"திருட்டுத்தனமா குத்த வெச்சா அப்படித்தான் வரும்!" என்று நானும் கத்தினேன். முதலாளி பயந்து ஓடி வந்தார். நாங்கள் நிறுத்தவில்லை. மத்தியானம் மாஸ்டர் டிபன் பாக்ஸைத் திறந்து, பாதிப் புளியோதரையை என் பக்கம் தள்ளினார். முறைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

அவர் மேல் எனக்குள்ள கோபம் இன்றுவரை போகவில்லை. போகவிடவும் எனக்கு மனமில்லை.