ஒரே மீனின் மூன்று தலைமுறை

தண்ணீர் குறையக் குறைய மீன் பெருகும் என்ற மாபெரும் உண்மையை உலகுக்கு வழங்கிய பெருமை டன்கெல்லி ஆற்றையே சேரும். நியூசிலாந்தின் தெற்குத் தீவில், மலையிலிருந்து இறங்கும்போது அது ஆறாகவே இறங்குகிறது. வழிநெடுகப் பால் பண்ணைகளின் புல்வெளிகள் அதை அன்போடு உள்ளே அழைத்துக்கொள்கின்றன. ஊருக்கு வந்து சேர்வது கூழாங்கற்கள்.

பாலத்தடியில் மட்டும் ஒரு மடு மிஞ்சியிருந்தது. மடுவில் ஒரு ட்ரௌட் மீன் மிஞ்சியிருந்தது. இந்த வளத்தை நம்பி, மீன்பிடிப் பருவத்தின் கடைசி ஞாயிறன்று தூண்டில் சங்கம் ஆண்டுப் போட்டியை அறிவித்தது. வெள்ளிக்கோப்பை உபயம் சங்கத் தலைவர் கிரேம் ஹார்கட். ஆற்றை அதிகமாக அன்பு செய்யும் பண்ணையும் அவருடையதே.

விதிகள் உயர்ந்தவை. பிடித்த மீனை ஆற்றில் விட்டுவிட வேண்டும். அளவுகோல் வைக்கக் கூடாது, மீனுக்கு வேதனை. நீளத்தை அவரவர் மனச்சாட்சி அளக்கும்.

லாக்லன் பிரிங்கிள் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். மதுக்கடையின் இறைச்சிக் குலுக்கலில் ஓர் ஆட்டுக்கால்கூடப் பரிசாக விழாதவர். போட்டியிட்ட ஒன்பது பேரில் கடைசியாகத்தான் அவருடைய தூண்டிலில் மீன் சிக்கியது. கோணல் வாய், கிழிந்த வால். அதே மீனைப் பிடித்தபடி மற்ற எட்டுப் பேரும் நிற்க, படம் எடுத்துக் கொடுத்தவரே அவர்தான். மீன் அவரைப் பார்த்தது. 'நீயுமா?' என்று கேட்கும் தெம்புகூட அதற்கு இல்லை.

லாக்லன் இரு கைகளையும் முழங்கை மடங்காமல் காமிராப் பக்கம் நீட்டி மீனைப் பிடித்தார். காமிராவை நெருங்க நெருங்க மீன் வளரும். மனச்சாட்சி எழுபது சென்டிமீட்டர் அளந்தது. கோப்பை அவருக்கு. பெயரும் பொறித்தார்கள்.

அங்கே குளிர்காலம் நெருங்கும் மே மாதம், ஆற்று நீரைப் பங்கிடும் நீர்க் குழு கூடியது. குளிர்கால நீரையும் தன் பண்ணைக் குளங்களில் சேமிக்க ஹார்கட் அனுமதி கேட்டிருந்தார். ட்ரௌட் மீன்கள் மேலாற்றுக்கு ஏறி, சரளையைத் தோண்டி முட்டையிடுவதும் அதே குளிர்காலத்தில்தான். ஏறத் தண்ணீர் வேண்டும் என்பது அவற்றின் மூடநம்பிக்கை.

ஆட்சேபம் தெரிவித்தது ஒரே ஒருவர்: சங்கச் செயலாளர் மொய்ரா. லாக்லனின் மனைவி. ஆற்றில் இருப்பது ஒரு மீன்தான் என்றாள். குழு இதை 'அறிவியல்பூர்வமாக' ஆராய நிபுணர் டாக்டர் பெத்தானி க்ரூவிடம் போட்டிப் படங்களைக் கொடுத்தது. அவர் வியந்துபோனார். சிலர் கை குட்டை, மீனும் குட்டை, அது இளைஞர். நடுத்தரக் கை, நடுத்தர வயது. லாக்லனுடையது தாத்தா. ஒரே மடுவில் மூன்று தலைமுறை. எல்லாவற்றுக்கும் கோணல் வாயும் கிழிந்த வாலும் இருந்ததை 'வலுவான குடும்பச் சாயல்' என்று பாராட்டினார்.

விசாரணை நாளன்று காலை மொய்ரா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்: "உண்மையச் சொல்லிடு, லாக்."

"இப்பத்தான் பேரு பொறிச்சாங்க, மொய்ரா."

"அந்த மீனு வயித்துல முட்டை இருக்கு. உன் கோப்பையில என்ன இருக்கு? பஸ் சாவி."

அவர் ரொட்டியை வைத்துவிட்டு எழுந்தார்.

குழுவின் முன் தொப்பியைக் கழற்றினார். "நாங்க ஒம்பது பேரும் பிடிச்சது ஒரே மீனுதாங்க. நாப்பத்தஞ்சு சென்டிமீட்டர் இருக்கும். நான்தான் கைய நீட்டிட்டேன்."

மண்டபம் அதிர்ந்தது. மீன் பிடித்த மற்ற எட்டுப் பேரும் தங்கள் பூட்ஸை ஆராய்ந்தார்கள். ஹார்கட் மெதுவாக, துக்கம் விசாரிக்கும் குரலில் பேசினார்.

"முப்பது வருசமா தூண்டில் போடறேங்க. தான் பிடிச்ச மீனைச் சின்னதாச் சொன்ன ஆளை இன்னிக்கு வரைக்கும் பாத்ததில்ல. பிரிங்கிளை யாரோ மிரட்டியிருக்காங்க."

குழு மொய்ராவைப் பார்த்தது. நிபுணரும் ஒத்துக்கொண்டார்: தூண்டில்காரர் வாயில் மீன் வளர்ந்த வரலாறு உண்டு, சுருங்கிய வரலாறு இல்லை. லாக்லனின் சாட்சியம் 'இயற்கைக்கு முரணானது' எனத் தள்ளுபடியானது. குறைந்த நீரோட்டமே மீன் குடும்பங்களை ஒற்றுமையாக வைத்திருக்கிறது என்று தீர்ப்பு வந்தது. ஹார்கட்டுக்கு அனுமதி வந்தது.

கோப்பையைத் திருப்பிக் கொடுக்கப் போனார் லாக்லன். சங்கம் வாங்க மறுத்தது. ஒரு மீனைத் திரும்ப அளந்தால் மற்ற எட்டையும் அளக்க வேண்டுமே.

ஜூனில் இருவரும் பாலத்தடிக்குப் போனார்கள். மீன் மடுவின் தலைமாட்டில் கிடந்தது. வயிறு புடைத்து, கோணல் வாயை வறண்ட கற்களில் முட்டி முட்டி மேலே பார்த்தது. லாக்லன் கோட்டுக்குள்ளிருந்து கோப்பையை எடுத்தார். மடுவில் முகந்து, மேலே கற்களில் ஊற்றினார். மறுபடி ஊற்றினார். கற்கள் குடித்துவிட்டன. அவர் நிறுத்தவில்லை.

மொய்ரா குனிந்து மடுவுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஆம்பள மீனு எங்க?"

"நிபுணர் அறிக்கையில இருக்கு, இளைஞர்லேர்ந்து தாத்தா வரைக்கும்."

"அப்ப முட்டையையும் அங்கயே போடச் சொல்லு," என்றாள் அவள். "தண்ணியும் அங்கதான ஓடுது."