துறைமுகத் தம்பிகளுக்கு ஒரு ராசிபுரத்துத் தேங்காய்

திருச்செங்கோட்டில் ரகசியம் என்ற ஒன்றை அடியோடு ஒழித்துக்கட்டியவர் யார் என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன், எங்கள் கம்ப்ரசர் அண்ணன்தான். எழுபதுகளின் கடைசியில், போர் என்று நாங்கள் சொல்லும் ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டிகள் எங்கள் ஊரில் பெருகத் தொடங்கியிருந்த காலம். நான் ஒரு ரிக் ஆபீஸில் குமாஸ்தா. அவர் எங்கள் ரிக்கில் கம்ப்ரசர் ஓட்டுபவர். பாறையைக் குடைகிற ஹேமருக்குக் காற்று கொடுக்கும் அந்த எஞ்சின் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தால்கூடத் தெரியாது. அதன் அருகிலேயே வருஷக்கணக்கில் நின்று அவருக்கு இடது காது முழுசாகப் போய்விட்டது. தனக்குக் கேட்காதது ஊருக்கும் கேட்காது என்று முடிவு கட்டிக்கொண்டு, எதையும் அடிவயிற்றிலிருந்து கத்தித்தான் சொல்வார்.

ஒருமுறை எங்கள் முதலாளி தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கும் விஷயத்தை அண்ணன் என் காதோரம் குனிந்து, "யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க சாமி" என்ற முன்னுரையோடு சொன்னார். எதிர்ச்சாரியில் ஈரோடு பஸ்ஸுக்கு நின்றிருந்த கூட்டம் அப்படியே எங்கள் பக்கம் திரும்பியது. "மாப்பிள்ளை எந்த ஊருங்க?" என்று அங்கிருந்தே ஒருவர் கேட்டார். அண்ணனுக்கு அது கேட்கவில்லை. நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

பெற்றோர் வைத்த பெயர் என்று அவருக்கு ஒன்று இருந்தது. சம்பளம் கொடுத்த முதலாளிக்கே அது தெரியாது.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு உயிரே பாட்டின்மேல்தான். சினிமாப் பாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். சிலோன் ரேடியோவில் வாரம் ஒருநாள் சாயங்காலம் கொழும்பு வாலிபர்களின் பாப் பாட்டு போடுவார்கள். அதில் 'துறைமுகத் தம்பிகள்' என்று ஐந்து பேர் கோஷ்டி. கல்யாண மாப்பிள்ளையின் செருப்பை நண்டு இழுத்துக்கொண்டு போன கதையை அவர்கள் பாட ஆரம்பித்தால் அண்ணன் கம்ப்ரசரையே நிறுத்திவிடுவார். கிணறு போடச் சொன்ன தோட்டத்துச் சொந்தக்காரர் பதறி ஓடி வருவார்.

"எஞ்சின் சூடாயிருச்சுங்க, கொஞ்சம் ஆறட்டுங்க" என்பார் அண்ணன்.

பாட்டு முடிந்த நிமிஷம் எஞ்சின் ஆறிவிடும்.

கேட்கிற வலது காதில் டிரான்சிஸ்டரை வைத்து, துண்டால் தலையோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொள்வார். அந்தக் கோலத்தில் ராசிபுரம் கடைவீதியில் நடந்தபோது, பாவம், பல்வலி போலிருக்கிறது என்று ஒரு அம்மாள் கிராம்பு கொடுத்தார். அண்ணன் மறுக்காமல் வாங்கி மென்றுகொண்டே பாட்டைக் கேட்டார்.

துண்டுக் கட்டு நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே போனதைக் கவனித்து, அவரைச் சேலத்துக்கு டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் பார்த்துவிட்டு என்னிடம்தான் சொன்னார். இடது காது போனது போனதுதான், வலதும் போய்க்கொண்டிருக்கிறது, ஒரு வருஷம் தாங்கினால் பெரிய விஷயம். நான் அதை அவருக்குக் கத்திச் சொன்னேன். வெளியே காத்திருந்த நோயாளிகள் உச்சுக் கொட்டினார்கள்.

"அப்ப நண்டுப் பாட்டு?" என்று அண்ணன் டாக்டரைக் கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு அண்ணனை எழுப்பினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் வந்த பயணம் என் நினைவில் அது ஒன்றுதான். எனக்குப் பயமாகவே இருந்தது. திருச்செங்கோட்டில் இறங்கியதும் சொன்னார்:

"ஒருக்கா நேர்ல கேட்டுப்போடோணும் சாமி. காது இருக்கறப்பவே போயிட்டு வந்தரோணும்."

"எங்கண்ணா?"

"கொளும்புக்குத்தான்."

நாமக்கல்லைத் தாண்டித் தனியாகப் போனதில்லை அந்த மனிதர். கடலையே பார்த்ததில்லை. தனிக்கட்டை என்பதால் தடுக்க வீட்டிலும் ஆள் இல்லை. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டோம். விசாரிக்க ஏட்டய்யா ஆபீஸுக்கே வந்தார். அந்த நாளில் சிலோன் போய் வருகிறவன் என்றாலே சென்ட்டும் கைலியும் கடத்துகிறவன் என்றுதான் நினைப்பார்கள்.

"எதுக்கு சிலோன் போறீங்க?"

"பாட்டுக் கேக்கறதுக்குங்க."

"இந்தக் கதையெல்லாம் வேண்டாம். தங்கமா, சென்ட்டா?"

"சென்ட்டு என்னத்துக்குங்க? எனக்கு மூக்கு நல்லாத்தானுங்க இருக்குது, காதுதானுங்க போகுது!"

ஏட்டய்யா நம்பவில்லை. "அப்படி என்ன பாட்டு? பாடிக் காட்டுங்க பார்ப்போம்" என்று கேட்டார். வாழ்க்கையில் அவர் செய்த பெரிய தப்பு அது. அண்ணன் எழுந்து நின்று நண்டுப் பாட்டை எடுத்தார். இரண்டாவது வரியில் ஏட்டய்யா தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, "நல்ல மனுசன்னு எழுதிடறேன், நிறுத்தச் சொல்லுங்க" என்று என்னைக் கெஞ்சினார்.

பாஸ்போர்ட் வந்தது. வந்த சில நாளிலேயே ரேடியோவில் இடி மாதிரி ஒரு அறிவிப்பு. துறைமுகத் தம்பிகள் வருகிற சனிக்கிழமை மாலை கொழும்பில் கடைசியாக மேடை ஏறுகிறார்கள், அதன்பிறகு ஆளுக்கொரு தேசம் போகிறார்கள். அண்ணன் தலையில் டிரான்சிஸ்டரோடு முதலாளி முன்னால் போய் நின்றார்.

"போர் போடற சீசன்ல லீவா?" என்று முதலாளி முறைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, "ராசிபுரத்துப் பக்கம் ஒரு தோட்டத்துப் போர் கெடக்குது. அதை முடிச்சுப்போட்டுப் போய்க்க" என்றார்.

அந்தப் போர்க் குழியில்தான் ஹேமர் மாட்டிக்கொண்டது. பாறை இடுக்கில் போய்ச் செருகிக்கொண்டு மேலும் வரவில்லை, கீழும் போகவில்லை. மாட்டிய ஹேமரை விட்டுவிட்டு ரிக்காரர்கள் யாரும் இடத்தைவிட்டு நகரமாட்டார்கள். அதிலும் கம்ப்ரசர் காற்றுக் கொடுத்துக்கொடுத்துத்தான் அதை அசைக்க வேண்டும். புதன்கிழமை போயிற்று. நான் டீசல் கொண்டுபோனபோது அண்ணன் எஞ்சின் பக்கத்தில் கண் சிவந்து நின்றிருந்தார். வெள்ளிக்கிழமை ராமேஸ்வரத்தில் கப்பல். அதை விட்டால் அடுத்த கப்பல் வருவதற்குள் கச்சேரி முடிந்து மேடையையும் பிரித்திருப்பார்கள்.

"பூசைக்கு ஒடைச்ச தேங்கா அழுகலுங்க சாமி. அதான் இப்படி இழுக்குது" என்றார்.

எங்கள் பக்கத்தில் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டாமல் லாரியோ ரிக்கோ ஒரு எஞ்சினையும் தொடமாட்டார்கள். அன்று உடைத்த காய் அழுகல் என்பது உண்மைதான். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொள்வேன். அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் ஹேமர் ஒரு குலுக்குக் குலுக்கி மேலே வந்தது. பின்னாலேயே தண்ணீர் பீய்ச்சியடித்தது. எல்லோரும் விசிலடித்துக்கொண்டிருக்க, அண்ணன் சேற்றுச் சட்டையோடு ஓடிப்போய்த் தோட்டத்தில் உரித்துக் கிடந்த தேங்காய்களில் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"தட்டிப் பாத்துச் சொல்லுங்க சாமி, நல்ல காயா?"

"நல்ல காய்தாண்ணா. எதுக்கு?"

"அந்தப் பசங்களுக்கு. கடேசிக் கச்சேரி. எதுவும் மாட்டிக்கக் கூடாதுல்லொ?"

தேங்காயை, பாஸ்போர்ட்டோடு தயாராக வைத்திருந்த பைக்குள் போட்டுக்கொண்டு நாமக்கல் பஸ்ஸில் தொற்றினார்.

இதற்குமேல் நடந்தவை அவர் சொல்லி நான் கேட்டவை. சந்தேகப்பட வேண்டாம். பொய் சொல்வதற்கு முதலில் மெதுவாகப் பேசத் தெரிய வேண்டும்.

ராமேஸ்வரத்துச் சுங்க அதிகாரி பையைக் கவிழ்த்தார். வேட்டி ஒன்று, டிரான்சிஸ்டர், சூடம், தேங்காய்.

"சிலோனுக்குத் தேங்காயா? அந்த ஊர்ல தேங்காய்க்குப் பஞ்சமா?"

"இருக்குமுங்க. அது அழுகலோ என்னமோ, யாருக்குத் தெரியுமுங்க? இது எங்க குமாஸ்தா தட்டிப் பாத்துச் சொன்னதுங்க."

அதிகாரிக்குக் கண் சுருங்கியது. தேங்காய்க்குள் தங்கம் வைத்து ஒட்டுகிறவர்கள் உண்டு. "உடைச்சுப் பாருங்கய்யா" என்று ஆளைக் கூப்பிட்டார்.

"ஒடைச்சுப்போடாதீங்க!" என்று அண்ணன் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்ற குழந்தைகள் அழ ஆரம்பித்தன. துறையில் கப்பல் ஊதியது. பின்னால் நின்றவர்கள் எல்லோரும், "ஒன்று அவரை விடுங்கள், இல்லை எங்களை விடுங்கள்" என்று அதிகாரியிடம் சண்டைக்குப் போனார்கள். கப்பல் மறுபடி ஊதியது. அதிகாரி தேங்காயைக் காதருகே வைத்துக் குலுக்கினார். முகம் இளகியது. "தண்ணிதான்யா, நீயே கேளு" என்று அண்ணன் காதிலும் வைத்துக் குலுக்கிக் காட்டினார். அண்ணனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டதாகத் தலையாட்டிவிட்டு, தேங்காயை வாங்கிக்கொண்டு கப்பலுக்கு ஓடினார்.

கடலைத் தாண்டி, ரயிலேறி, சனிக்கிழமை காலை கொழும்பில் இறங்கி, கேட்டுக் கேட்டு அரங்கத்தைக் கண்டுபிடித்தார். மாலையில் முன்வரிசையில் இடமும் கிடைத்தது. மேடையின் கீழே ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகள். கிடார்களும் டிரம்களும் மினுமினுத்தன. ஐந்து பேரும் வந்து நின்றார்கள். கம்பியைச் சுண்டிப் பார்த்தார்கள். அண்ணனுக்கு வேர்த்துவிட்டது. இவ்வளவு எஞ்சின் இருக்கிறது, ஒருவர்கூடத் தேங்காய் உடைக்கவில்லை!

எழுந்து நேராக ஒலிபெருக்கிப் பெட்டி முன்னால் போனார். எங்கள் வழக்கப்படி தேங்காயின் தலைமேல் சூடத்தை வைத்துக் கொளுத்தினார். மூன்று சுற்றுச் சுற்றி, உடைப்பதற்காகத் தலைக்குமேல் தூக்கினார்.

உருண்டையாக எரிகிற ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு மேடை முன்னால் ஒரு அந்நியர் நின்றால் சனம் என்ன நினைக்கும்? "குண்டு! குண்டு!" என்று யாரோ அலற, அரங்கமே நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு எழுந்தது. நாலு காவலர்கள் அண்ணனைக் குண்டுக்கட்டாகத் தூக்கினார்கள். சூடத்தை மிதித்து அணைத்தார்கள். அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். தேங்காயை மட்டும் விடாமல் பிடித்திருந்தார்.

உள்ளே கச்சேரி ஆரம்பமாகிவிட்டது. அது அவருக்குக் கேட்டுத் தெரியவில்லை. வாசற்காவலரின் விரல்கள் இடுப்பு வாரில் தாளம் போடுவதைப் பார்த்துத்தான் தெரிந்தது. கதவில் காதை வைத்தார். ஒன்றுமில்லை. வெறும் கும் கும் என்ற அதிர்வு.

"ஏனுங்க, நண்டுப் பாட்டுங்களா?"

காவலர் ஆமாம் என்று தலையசைத்தார்.

இத்தனை தூரம் வந்து, ஒரு கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறோமே என்று அண்ணனுக்கு ஆறவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், கதவிடுக்கில் வாயை வைத்து அந்தப் பாட்டைத் தானே பாடினார். ஓடுகிற கம்ப்ரசருக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். உள்ளே சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. டிரம் தடுமாறியது. கடைசியில் பாடகர் கையை உயர்த்திப் பாட்டை நிறுத்திவிட்டார்.

"வெளியில மைக் இல்லாமல் பாடுறது ஆர்? அந்த ஆளை உள்ளுக்கு விடுங்கோ. இல்லாட்டி எங்களால பாட ஏலாது."

"இவர்தான் குண்டு கொண்டந்தவர்" என்றார் கதவைத் திறந்த காவலர்.

"அது தேங்காயுங்க!" என்றார் அண்ணன். அரங்கம் முழுக்கக் கேட்டது. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்றாம்.

மேடைக்கு ஏற்றி விசாரித்தார்கள். அண்ணன் அழுகல் தேங்காயையும் மாட்டிய ஹேமரையும் காது போகிற கதையையும் சொன்னார். பாடகர் அவர் கையாலேயே தேங்காயை உடைக்கச் சொன்னார். உள்ளே பால் மாதிரி வெள்ளை. பிறகு ஒரு நாற்காலியைப் பெட்டியோடு ஒட்டிப் போட்டு, வலது காது பெட்டியில் படும்படி அவரை உட்கார வைத்து, நண்டுப் பாட்டை முதலிலிருந்து பாடினார்கள்.

ஊர் வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "கேட்டுச்சாண்ணா?"

"முழுசாக் கேட்டுச்சு சாமி. பாட்டு முடியறப்ப அதுல வர்ற அந்த மாப்பிள்ளை லேசாச் சிரிக்கறானுங்க. ரேடியோவுல அது கேக்கவே கேக்காது. அங்க கேட்டுச்சு."

மிச்சமிருந்த காதை யார் ஒலிபெருக்கியில் வைக்கச் சொன்னது என்று சேலத்து டாக்டர் சத்தம் போட்டார். சில மாதத்தில் அதுவும் போய்விட்டது. எஞ்சின் சத்தம் கேட்காமல் கம்ப்ரசர் ஓட்ட முடியாது. முதலாளி அவரை ஆபீஸிலேயே வைத்துக்கொண்டார். வருகிற விவசாயிகளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு என் மேஜைக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஊரையே எழுப்புகிற மனிதர் அப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு முதலில் தாங்கவே முடியவில்லை.

மத்தியானம் கூட்டம் குறைந்ததும் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் தலை மெல்ல ஆடத் தொடங்கும். அந்த நேரத்தில் போன் அடித்தால் நான் பாய்ந்து எடுத்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு மெதுவாகப் பேசுவேன். அவருக்கு ஒன்றும் கேட்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும், பாட்டு நடக்கும்போது குறுக்கே சத்தம் போட மனசு வராது.