பனிமனிதனின் கரட்டைப் பிடுங்கியவர்

ஒரு சொல்லுக்கு ஓர் அர்த்தம் போதும் என்று பெரும்பாலானோர் நிம்மதியாக வாழ்ந்துவிட்டுப் போகிறார்கள். போதாது என்று அலைகிற ஓர் இனம் உண்டு. இரட்டை அர்த்தத் துப்பறிவாளர் என்று அவருக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். சந்தேகமென்றால், கல்யாண வீட்டில் "வாழைப்பழம் எடுங்கோ" என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். முழு மண்டபமும் பழம் எடுக்கும். ஒருவர் மட்டும் தொண்டையைச் செருமிப் பக்கத்திலிருப்பவரின் விலாவில் இடிப்பார். அவர்தான்.

அவர் அசிங்கத்தை ரசிக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். பாவம், பண்பாட்டைக் காக்கிறார். அதற்காகவே ஒரு பாட்டை முழுக் கவனத்தோடு கேட்பார், ஒன்றும் அகப்படாவிட்டால் மறுபடி போடச் சொல்வார், மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், அகப்பட்டதும் 'இப்படியும் எழுதுவார்களா!' என்று பதறிப்போய், அந்த இடத்தை மட்டும் நாலாம் முறையும் போடச் சொல்வார். தியாகம் என்றால் வேறென்ன?

ஒஸ்லோவில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு வாய்த்தவர் பிலேந்திரன் அண்ணை. பஸ் ஓட்டுகிறவர். உறைபனியில்கூட நிதானம் தவறாதவர், சொல்லைக் கண்டால் மட்டும் வழுக்கிவிடுவார். புருசெத் மண்டபத்தில் நடக்கும் பனிக்கால விழாவின் பாடல்களைச் சோதிக்கும் தெரிவுக்குழுவுக்கு அவர்தான் பொறுப்பு. குழுவில் நானும் இருந்தேன். தலையாட்டுவது என் கடமை.

போன வருடம் சாருகா ஒரு பாட்டு எழுதிக்கொண்டு வந்தாள். இங்கேயே பிறந்த பிள்ளை, வைத்தியசாலையில் தாதி. கூட வேலை செய்யும் டிரினிடாட் பெண்ணிடமிருந்து அவர்கள் ஊர்க் கேலிப் பாட்டான கலிப்சோ பிடித்துக்கொண்டுவிட்டது. அந்தத் தீவில் மீனைப் பற்றிப் பாடுவதுபோல மந்திரியைப் பாடுவார்களாம். மந்திரியும் மீன் என்று நினைத்துத் தாளம் போடுவாராம். சாருகா அந்த மெட்டில் தமிழில் எழுதியிருந்தாள்:

கதிரைக் கண்டால் உருகுவார்
மாலை வந்தால் நிமிருவார்
மூக்கில் கரட்டு மாமா - எங்கள்
முற்றத்துப் பனி மாமா!

பிலேந்திரன் அண்ணை பேனையை எடுத்தார்.

"பிள்ளை, இந்தக் கரட் என்னத்துக்கு?"

"அது மூக்கு, அங்கிள். ஸ்னோமானுக்குக் கரட்தானே வைக்கிறது."

"மூக்கெண்டு நீர் சொல்லுறீர். சனம் என்னெண்டு நினைக்கும்?"

"என்னெண்டு நினைக்கும்?"

அண்ணை சிவந்துபோய் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவளோ உண்மையாகவே விடைக்காகக் காத்திருந்தாள்.

"குடும்பம் குட்டியளோடை வாற இடம். கரட் வேண்டாம். வேணுமெண்டால் கையிலை ஒரு மைக்கைக் குடும். மேடைக்கும் பொருத்தம்."

சாருகா தாளை இன்னொரு தரம் பார்த்தாள். "மைக்கோ?" என்று கேட்டாள். பிறகு மிகவும் பணிவாக, "அங்கிள் சொன்னால் சரி" என்றாள். கதிரும் மாலையும் எவ்வளவு அழகான இயற்கை வருணனை என்று அண்ணை பாராட்டிக் கையெழுத்தும் வைத்தார்.

விழா நாள். முன்வரிசை நடுக் கதிரையில் சங்கத் தலைவர் தில்லைநாதன், கழுத்தில் மாலையோடு. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து தலைவர் அவர்தான். முடிவுரை என்று மைக்கைப் பிடித்தாரானால், கொத்துரொட்டி ஆறி, குழந்தைகள் தூங்கி, ஏற நினைத்த ரயிலும் அடுத்ததும் போன பிறகுதான் விடுவார். ஆனாலும் யாரும் அவரிடம் எதுவும் சொன்னதில்லை. யார் சொல்வது?

முதல் இரண்டு வரிக்குச் சனம் தாளம் போட்டது. "கையில் மைக்கு மாமா" என்றதும் தாளம் நின்றது. மண்டபமே மேடையை விட்டுவிட்டு முன்வரிசையைப் பார்த்தது. எனக்குப் பின்னால் இருந்த சென்னைத் தம்பி ஒருவர், "சூரியனைப் பார்த்தா பனி உருகும், சாயங்காலம் திரும்ப இறுகும், இதுல என்ன சார் இருக்கு?" என்று கேட்டார்.

"தம்பி, எங்கடை தமிழிலை கதிரை எண்டால் நாற்காலி. மாலை எந்த மாலையெண்டு அந்தாளின்ரை கழுத்தைப் பாரும்" என்றார் பக்கத்திலிருந்தவர்.

மேடையில் சாருகாவின் குரல் நடுங்கியது. அவளுடைய அம்மா உதயகுமாரி தலையைக் குனிந்துகொண்டார். நாளைக்கு இந்தச் சனத்தின் முகத்தில் எப்படி முழிப்பது என்ற கவலை அவருக்கு. அப்போதுதான் ஒரு சிரிப்புக் கேட்டது. அடக்கி அடக்கி, முடியாமல் வெடித்த சிரிப்பு. தலைவரின் மனைவி கமலாதேவி! ஒவ்வொரு விழா முடிந்தும் அந்த மாலைகளைக் குப்பையில் போடுகிறவர் அவர்தானே.

அதன் பிறகு மண்டபத்தைப் பிடிக்க முடியவில்லை. சாருகாவுக்கும் குரல் வந்துவிட்டது. பல்லவியைக் கடைசி வரிசைப் பெண்கள் சேர்ந்து பாடினார்கள். சென்னைத் தம்பி ஒரு சரணம் பிந்தித் தனியாகச் சிரித்தார்.

தில்லைநாதன் மனைவியை நீண்ட நேரம் பார்த்தார். மாலையை மெதுவாகக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு பக்கத்தில் திரும்பி, "இந்தப் பாட்டை ஆர் பாஸ் பண்ணினது?" என்றார்.

பிலேந்திரன் அண்ணை எழுந்து நின்றார். "நான்தான் அண்ணை. ஆனால் கரட்டை எடுத்துப்போட்டுத்தான் விட்டனான்."

"என்ன கரட்?"

அதை எப்படிச் சொல்வது? சொல்லத் தொடங்கி, தன் விளக்கத்திலும் ஓர் அசிங்கம் இருப்பது தெரிந்து நிறுத்திக்கொண்டார்.

முடிவுரைக்கு மைக் வந்தது. தலைவர் எழுந்து அதை வாங்கினார். "பிள்ளை நல்லாப் பாடினவ. எல்லாரும் சாப்பிடுங்கோ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்று கொத்துரொட்டியில் ஆவி பறந்தது. சாருகா ஒரு தட்டோடு போய் அவர் முன்னால் நின்றாள். "கோவமோ அங்கிள்?" "ஓம்" என்றார். தட்டை வாங்கிக்கொண்டார்.

இப்போதும் தலைவர் அவர்தான். ஒரு பாட்டு ஆட்சியைக் கவிழ்த்துவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். பேச்சு பாதியாகக் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். பிலேந்திரன் அண்ணையும் பதவியில் நீடிக்கிறார். இந்தத் தடவை தாலாட்டு ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார். அதில் தொட்டில் ஆடுகிறதாம்.

சரி, நீங்கள் சொல்லுங்கள். இதை வாசித்த நேரம் முழுவதும், 'இவன் பெயரை மாற்றி உண்மையில் எந்தச் சங்கத்தை எழுதியிருக்கிறான், அந்தத் தலைவர் இன்னார்தானே' என்று மனதுக்குள் ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தீர்களா? கண்டும் பிடித்துவிட்டீர்களா? நல்லது. எங்கள் தெரிவுக்குழுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது.