சாலட் கிண்ணம் வைத்த வேன்

கட்டிலை விரித்தால் கழிவறைக் கதவு திறக்கவில்லை. கழிவறைக் கதவைத் திறந்தால் கட்டிலை விரிக்க முடியவில்லை.

"ரெண்டுல எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க சார்" என்றாள் வேனைப் பரிசோதிக்க வந்த பெண். "கட்டில் விரிச்சிருக்கும்போதும் கழிவறைய உபயோகிக்க முடியணும். அதான் சட்டம். பச்சைச் சீட்டு ஒட்டாத வண்டி ஆத்தங்கரையில ராத்திரி தங்கக் கூடாது."

"நாலு சென்டிமீட்டர்தாம்மா இடிக்குது!"

"நாலு மில்லிமீட்டர் இடிச்சாலும் சீட்டு கிடையாது. வியாழக்கிழமை மறுபடி வர்றேன்."

அவள் போனதும் மெர்வின் வேனுக்குள்ளேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். டௌப்போ என்ற ஏரிக்கரை ஊரில் பல்செட் செய்வதில் அவனை அடிக்க ஆள் கிடையாது. ஒரு மனிதரின் வாய்க்குள் பதினாலு பல்லைப் பிசகாமல் உட்காரவைக்கிற நமக்கு, ஒரு வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் கழிவறையும் வைப்பது என்ன பெரிய வித்தையா என்று இறங்கிவிட்டான். பல் இடித்தால் மனிதர் வாய்விட்டுச் சொல்வார். வேன் சொல்லவில்லை.

அவனுக்கு இருந்தது ஐந்தே நாள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மங்காரிமு ஆற்றில் தண்ணீர் வரும். மற்ற நாளெல்லாம் அணைக்காரர்கள் அந்த ஆற்றை மலைக்குள் குழாய் வழியாக மின்சார நிலையத்துக்குத் திருப்பிவிட்டு விடுவார்கள். பள்ளத்தாக்கில் காய்ந்த பாறைதான் கிடக்கும். வருஷத்தில் ஒரே ஒரு சனிக்கிழமை, படகு ஓட்டுகிறவர்களுக்காக மதகைத் திறப்பார்கள்.

போன வருஷம் மெர்வின் முதல் தடவையாகத் தன் கயாக் படகைத் தூக்கிக்கொண்டு அங்கே தனியாகப் போயிருந்தான். அடேயப்பா! வீடு திரும்பியவன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "எப்படி இருந்துச்சு?" என்று மனைவி ஜோசலின் கேட்டதற்கு வாயைத் திறந்தான், மூடினான், இரண்டு கையையும் அகலமாக விரித்துக் காட்டினான், அவ்வளவுதான். அத்தனை பெரிய ஒன்றைத் தான் மட்டும் பார்த்துவிட்டு வந்தது அவன் மனசை அறுத்துக்கொண்டே இருந்தது. அந்தத் தண்ணீர் வருவதை ஜோவும் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும். அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஆனால் ஆறு என்று பேச்செடுத்தாலே ஜோசலின் நழுவிவிடுவாள். தலைவலி என்பாள், தோட்டத்தில் வேலை இருக்கிறது என்பாள்.

இத்தனைக்கும் அவர்களைச் சேர்த்து வைத்ததே படகுப் பேச்சுதான். மூன்று வருஷத்துக்கு முன் முன்பல் உடைந்துபோய் அவள் இவனிடம் வந்தாள். "பாறையில இடிச்சுக்கிட்டேன்" என்றாள். அப்போதுதான் மெர்வின் ஆக்லாந்தை விட்டு இந்த ஊருக்கு வந்து, ஒரு கயாக்கும் வாங்கி, அந்த மோகத்தில் இருந்தான். அவள் வாயில் அச்சுப் பசையை வைத்துவிட்டு, துடுப்பை எப்படிப் பிடிக்க வேண்டும், சுழலில் மாட்டினால் எப்படி வெளியே வர வேண்டும் என்றெல்லாம் கையை ஆட்டி ஆட்டி விளக்கினான். வாயில் பசை இருந்ததால் அவளால் பேச முடியவில்லை. பசையை எடுத்த பிறகும் அவள் குறுக்கே பேசவில்லை. கண் விரியக் கேட்டுக்கொண்டே இருந்தாள். இப்படிக் கேட்கிற பெண்ணை விட்டுவிடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தான். அடுத்த வருஷம் கல்யாணம்.

இந்தத் தடவை அவன் காலில் விழாத குறையாகக் கெஞ்சியதும் ஜோ பெருமூச்சு விட்டாள்.

"சரி. ஒரே ஒரு தடவை. ஆனா கழிவறை வண்டிக்குள்ளயே இருக்கணும். அந்தக் கூட்டத்துல போயி நான் வரிசையில நிக்க மாட்டேன். பக்கத்துல ஜன்னலே கூடாது. முன்சீட்டுக்கும் பின்னாடிக்கும் நடுவுல தடுப்பு வை. அப்புறம், படகு கூரைமேல இருக்கக் கூடாது மெர்வ்."

"படகு என்ன பண்ணுச்சு?"

"படகைப் பாத்தா போறவன் வர்றவன் எல்லாம் பேச வருவான். கடைசி ஓரத்துல வண்டிய நிறுத்து. நான் கீழ இறங்க மாட்டேன், பின்கதவக் கொஞ்சமா திறந்து உள்ளேருந்தே பாத்துக்கறேன்."

'பாவம், கூட்டம் என்றால் கூச்சம்' என்று மெர்வின் உருகிப்போனான். "உனக்கு நான் அரண்மனையே கட்டித் தர்றேன் ஜோ!"

அந்த அரண்மனைதான் இப்போது நாலு சென்டிமீட்டரில் நிற்கிறது.

பக்கத்து வீட்டு டென்னிஸ் வந்து எட்டிப் பார்த்தார். ஓய்வு பெற்ற பிளம்பர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்.

"கதவையே தூக்கி எறிப்பா. கழிவறைய ஒரு டிராயர்ல வை. வேணும்னா இழு, வேண்டாம்னா கட்டிலுக்கு அடியில தள்ளு."

"டென்னிஸ், நீங்க மேதை!"

"அது எனக்குத் தெரியும். என் பொண்டாட்டிக்குத்தான் தெரியல."

டிராயர் அருமையாக ஓடியது. ஆனால் கழிவறை அடியில் போக வேண்டுமென்றால் கட்டில் உயர வேண்டும். பக்கத்தில் படகும் படுக்க வேண்டுமே, இன்னும் கொஞ்சம் உயர்த்தினான். ஏறிப் படுத்துப் பார்த்தான். சுகமாக இருந்தது. எழுந்து உட்கார்ந்தான். டொம்மென்று கூரையில் தலை மோதிய சத்தம் டென்னிஸ் வீட்டு அடுப்படி வரைக்கும் கேட்டது.

"இது கட்டிலா பரணா?" என்றாள் ஜோ, அவன் நெற்றியில் ஐஸ் வைத்துக்கொண்டே.

"ஒரே நாள்ல சரி பண்ணிடறேன்."

சரி செய்தான். தலை வரும் இடத்தில் கூரையை வட்டமாக அறுத்துவிட்டான். இப்போது எழுந்து உட்கார்ந்தால் தலை வெளியே போய்க் காற்று வாங்கியது. புதன்கிழமை மழை கொட்டியது. தலையணையைப் பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வந்தது.

மெர்வின் வீட்டுக்குள் ஓடினான். அலமாரியில் இருந்த பெரிய கண்ணாடிப் பிளாஸ்டிக் கிண்ணத்தை எடுத்துவந்து ஓட்டையின்மேல் கவிழ்த்து, சுற்றிலும் பசை அடித்தான். உள்ளே போய் உட்கார்ந்து பார்த்தான். கிண்ணத்துக்குள் தலை கச்சிதமாகப் பொருந்தியது. மலை, மேகம், டென்னிஸ் வீட்டுக் கொடியில் நனைந்து தொங்கும் துணி, எல்லாம் சுற்றிச் சுற்றித் தெரிந்தது.

"அது என் சாலட் கிண்ணம்" என்றாள் ஜோ.

"இனிமே அதுதான் நம்ம வானம்!"

"வெளியிலேருந்து பாத்தா நம்ம தலை தெரியுமா?"

"தெரிஞ்சா என்ன? தலை மட்டும்தானே!"

"அப்ப நான் எந்திரிச்சே உக்கார மாட்டேன்."

வியாழக்கிழமை வந்த பரிசோதகப் பெண் டிராயரை இழுத்தாள், தள்ளினாள். கட்டிலில் ஏறி எழுந்து உட்கார்ந்தாள். கிண்ணத்துக்குள் இருந்து ஒரு நிமிஷம் ஏரியைப் பார்த்தபடி இருந்தவள், "என்னன்னே சொல்லத் தெரியல சார்" என்று இறங்கி, சீட்டை ஒட்டிவிட்டுப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மங்காரிமு போய்ச் சேர்ந்து கடைசி ஓரத்தில் வண்டியை நிறுத்தினார்கள். அதுவரை ஒரு குறையும் இல்லை. சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு பெரியவர் வந்து தட்டினார். டமாட்டி என்று பெயர். அந்தப் பக்கத்து மாவோரிப் பழங்குடி மனிதர், ஆற்றில் பாதுகாப்புக்குப் பொறுப்பு அவர்தான்.

"தம்பி, இந்த ஓரம் ஆம்புலன்ஸ் வர்ற வழி. வண்டிய அந்த மேட்டுல ஏத்தி நிறுத்துங்க."

மேடு ஆற்றுக்கு நேர் மேலே, கூட்டத்துக்கு நடுவில் இருந்தது. கட்டிலில் படுத்திருந்த ஜோ தடுப்புக்குப் பின்னாலிருந்து, "அங்க வேண்டாம் மெர்வ்!" என்றாள். மெர்வின் அதற்குள் ஏற்றிவிட்டான். வண்டி பின்பக்கமும் சாய்ந்து, ஒரு பக்கமும் சாய்ந்து நின்றது. உள்ளே என்னவோ உருண்டது.

"ஜோ, பக்கக் கதவைத் திற. டீ போடலாம்."

"திறக்க மாட்டேங்குது. கழிவறை டிராயர் வெளிய வந்து கதவுல முட்டிக்கிட்டு நிக்குது."

"அப்ப பின்கதவு?"

"படகு சரிஞ்சு தாழ்ப்பாள்மேல சாஞ்சிருக்கு. அசைக்க முடியல."

முன்பக்கம் தடுப்பு. அவனே முன்சீட்டுப் பக்கமிருந்து நாற்பத்திரண்டு திருகாணி போட்டு முறுக்கியது. திருப்புளியோ உள்ளே கட்டிலுக்கு அடியில். இன்னும் அரை மணிதான். எதைக் காட்டுவதற்காக இவ்வளவு பாடுபட்டானோ, அது வருகிற நேரத்தில் ஜோ ஜன்னலில்லாத பெட்டிக்குள் இருக்கிறாள்.

கதவைப் பிடித்து இழுத்தான், உதைத்தான். சத்தம் கேட்டு ஹெல்மெட்டும் ரப்பர் உடுப்புமாகப் படகுக்காரர்கள் ஓடி வந்தார்கள். டமாட்டியும் வந்தார்.

"உள்ள யாரு?"

"எங்க ஜோ. ரொம்பக் கூச்ச சுபாவம். சத்தம் போடாதீங்க."

"வண்டிய ஆட்டினா டிராயர் உள்ள போயிடும்ங்க" என்றான் ஒருத்தன்.

எட்டுப் பேர் சேர்ந்து ஆட்டினார்கள். டிராயர் உள்ளே போனது. எல்லாரும் கைதட்டினார்கள். போன வேகத்தில் திரும்பி வந்து கதவில் இடித்தது. மெர்வின் பிடித்திருந்த கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

அப்போது மேலே அணையிலிருந்து சங்கு ஊதியது. மணி பத்து.

கூட்டம் அப்படியே ஆற்றுப் பக்கம் திரும்பியது. முதலில் சத்தமே இல்லை. காற்றுதான் வந்தது. வெயிலில் கிடந்த பள்ளத்தாக்குக்குள் ஈர வாசனையோடு குளிர்ந்த காற்று புகுந்து, இரண்டு கரையிலும் பெரணிச் செடிகளைச் சாய்த்துவிட்டுப் போனது. பிறகு தரை அதிர்ந்தது. காலுக்குக் கீழே பாறை நடுங்குவதை நின்ற இடத்திலேயே உணர முடிந்தது. வளைவைத் தாண்டி முதல் தண்ணீர் மெல்லத்தான் வந்தது. சருகையும் தூசியையும் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு பாறையையும் தொட்டுத் தொட்டு வந்தது. அதன் பின்னாலேயே ஆறு வந்தது. வெள்ளை வெளேரென்று, ஆள் உயரத்துக்கு, மலையே பெயர்ந்து வருகிற முழக்கத்தோடு வந்தது. ஒரு வருஷமாகச் செத்துக் கிடந்த பள்ளத்தாக்குக்கு உயிர் வந்துவிட்டது. கரையில் கூடியிருந்த அறுபது பேரும் மூச்சுவிட மறந்து நின்றார்கள்.

மெர்வின் மட்டும் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைப்பிடியும் கையுமாக வேனிடம் கத்திக்கொண்டிருந்தான்.

"ஜோ! வந்துடுச்சு! எந்திரிச்சு உக்காரு! கிண்ணத்துக்குள்ள தலைய வை!"

"வேண்டாம் மெர்வ்."

"உனக்காகத்தானே இதெல்லாம் பண்ணேன்! எல்லாரும் ஆத்தப் பாக்கறாங்க, உன்ன யாரு பாக்கப் போறா? ஒரே ஒரு தடவை பாத்துடு ஜோ! நான் தனியாப் பாத்துட்டு எப்படி இருப்பேன்!"

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு கூரைமேல் கிண்ணத்துக்குள் நரையும் செம்பட்டையும் கலந்த கூந்தல் தெரிந்தது. நெற்றி, கண், மூக்கு என்று மெல்ல மெல்ல ஜோசலினின் முகம் முழுக்க மேலே வந்தது. அவள் ஆற்றைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

மெர்வின் துள்ளிக் குதித்தான். பட்ட பாடெல்லாம் போதும், இதற்குத்தானே!

"பாத்தியா ஜோ! இது வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும்! மேல மதகு இருக்கு, அதத் தொறந்தாதான் வரும்!"

அவள் கிண்ணத்துக்குள்ளிருந்து பொறுமையாகத் தலையாட்டினாள்.

பின்னால் யாரோ வியந்து கூவியது மெர்வினுக்குக் கேட்டது. திரும்பினான். அறுபது பேரும் ஆற்றை விட்டுவிட்டு வேனின் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருத்தன் ஹெல்மெட்டைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். பக்கத்தில் நின்றவனும் கழற்றினான். ஒவ்வொருவராக எல்லாரும் கழற்றினார்கள். டமாட்டிக்குக் கண் கலங்கியிருந்தது.

மெர்வினுக்கு நெஞ்சு விம்மியது. ஒரு வேனுக்கு இப்படி ஒரு மரியாதையை அவன் கண்டதில்லை.

"பன்னெண்டு மில்லிமீட்டர் பிளைவுட்டுங்க" என்றான் தழுதழுத்த குரலில். "எல்லாம் என் கையால பண்ணது. மேல இருக்கறது சாதாரண சாலட் கிண்ணம்தான்."

டமாட்டி அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"கிண்ணம் கிடக்கட்டும் தம்பி. இந்த ஆத்துல இனிமே ஒரு சொட்டு விடமாட்டோம்னு அணைக்காரங்க சொன்னப்ப, பதினோரு வருஷம் கோர்ட்டு கோர்ட்டா ஏறி எறங்கி இந்த ஒரு நாள் தண்ணிய எங்களுக்கு வாங்கிக் குடுத்த மகராசி அவங்க. ஆமா, நீங்க யாரு, அவங்க டிரைவரா?"