முன் சீட்டில் ஞானா

"அப்பா, ஒண்ணுக்கு வருது."

யக்ஞநாராயணன் கேம்ப் ரோடு டீக்கடை ஓரமாக சைக்கிளை நிறுத்தினார். கேரியரிலிருந்து ஆறு வயது வைத்தி குதித்தான். முன் கம்பியில் மாட்டியிருந்த குட்டி இரும்பு சீட்டில் நாலு வயது ஞானா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு தயாராக இருந்தாள். அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்.

ஞானா வரவில்லை. சைக்கிள் வந்தது.

"காலைத் தளர விடும்மா."

"விட்டுண்டுதான் இருக்கேன். வலிக்கறதுப்பா!"

சீட்டில் கால் நுழைய இரண்டு இடைவெளி. அந்தக் கம்பிகளுக்கு நடுவில் ஞானாவின் தொடைகள் பிதுங்கிக்கொண்டு நின்றன.

எண்பத்தேழு வைகாசி, நல்ல முகூர்த்த நாள். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஆபீஸ் நண்பர் வீட்டு கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மனைவி திரிபுரசுந்தரிக்கு ஜுரம். "ஸ்வீட் ஒண்ணுக்கு மேல குடுக்காதீங்கோ" என்று படுக்கையிலிருந்தே சொல்லி அனுப்பியிருந்தாள். ஞானா நாலு ஜாங்கிரி சாப்பிட்டாள். அவர் தடுத்திருப்பார், அந்த நேரத்தில் அவர் கவனமெல்லாம் ரசத்தில் இருந்தது. கிளம்பும்போதே அவளை சீட்டுக்குள் கொஞ்சம் அழுத்தித்தான் உட்கார வைத்தார். சாப்பாட்டுக் கனம், போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்தார்.

"நாலு ஜாங்கிரியில இப்படி ஆகுமா?" என்று வாய்விட்டே கேட்டார்.

"அஞ்சு" என்றான் வைத்தி.

டீக்கடை ரத்தினபாய் எட்டிப் பார்த்தாள். "இன்னா சார், கொழந்த மாட்டிக்கிச்சா? இதுக்குப் போயி பேஜாராவறியே. தேங்காண்ணெ வுட்டா வயுக்கிகினு வந்துடும்." சொன்னதோடு நிற்காமல் பாட்டிலைக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் தாராளமாக ஊற்றினாள்.

எண்ணெய் வேலை செய்தது. ஞானா வழுக்கினாள். கீழ்ப்பக்கமாக. இரண்டு அங்குலம் இன்னும் உள்ளே போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, அவசரமா வருது!"

"ஒரு நிமிஷம்டா கண்ணு, அடக்கிக்கோ." எண்ணெய்க் கையால் மறுபடியும் தூக்கிப் பார்த்தார். பிடி நழுவி ரத்தினபாயின் பிஸ்கட் பாட்டில்மேல் போய் விழுந்தார்.

"வந்துடுத்து" என்றாள் ஞானா, அமைதியாக.

அவருடைய புதுச் செருப்பு நனைந்தது. அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவர் குழந்தையைத் தலைகீழாகப் பிடிக்கச் சொன்னார். இன்னொருவர் பட்டினி போடச் சொன்னார். "ரெண்டே நாளு சார், தானா எளச்சி வந்துடும்." பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு அம்மாள், "பெத்தவங்களுக்குப் புத்தி வாணாம்? இப்படியா திணிக்கிறது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்காக பஸ்ஸை விட்டுவிட்டு நின்றாள்.

யக்ஞநாராயணன் ஞானாவோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எதிர்ப்பக்கத்து சைக்கிள் கடைக்குப் போனார். கடைக்காரர் ஏசுபாதம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"கொழந்தையை ஏன் சார் இழுக்கிற? சீட்டைக் கழட்டுனா மேட்டர் முடிஞ்சுது."

துரு ஏறிய நட்டுகளோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டினார். கடைசியில் சீட் சைக்கிளை விட்டுக் கழன்றது. ஞானாவை விட்டுக் கழலவில்லை. அவள் இரும்பில் ஒரு கவுன் போட்டுக்கொண்டவள் மாதிரி கடை நடுவில் நின்றாள். ஒரு அடி எடுத்து வைத்தாள். கம்பி முழங்காலில் இடித்தது. அதுவரை அழாதவள் அப்போது ஆரம்பித்தாள்.

"பழையபடி சைக்கிள்லயே மாட்டிடுங்கோ. அப்படியே வீட்டுக்குத் தள்ளிண்டு போயிடறேன்" என்று கெஞ்சினார் யக்ஞநாராயணன்.

"எங்க மாட்றது? மறை போச்சு சார்."

"அப்பா, இவ ஸ்கூலுக்கும் இப்படியேதான் போவாளா?" என்று வைத்தி கேட்டான்.

யக்ஞநாராயணனுக்கு வீட்டு நினைப்பு வந்தது. திரிபுரசுந்தரியிடம் எப்படி ஆரம்பிப்பது? 'ஒண்ணும் ஆகல, பதட்டப்படாதே' என்று ஆரம்பித்தால் அந்த நிமிஷமே ஜுரம் நூற்றுநாலுக்குப் போய்விடும். பெற்ற பெண்ணைப் பத்திரமாக ஒரு விசேஷத்துக்குக் கூட்டிப்போய்த் திருப்பிக் கொண்டுவரத் துப்பில்லாதவன். கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டார். அந்தக் கையிலும் எண்ணெய்.

ஏசுபாதம் ஆக்ஸா பிளேடை எடுத்து வந்தார்.

"ஐயோ, குழந்தை!"

"கம்பியத்தான் சார் அறுக்கப் போறேன். நீ கையைக் குடுத்து மறைச்சுக்கோ."

தொடைக்கும் கம்பிக்கும் நடுவில் யக்ஞநாராயணன் தன் விரல்களை நுழைத்துக்கொண்டார். பிளேடு கிரீச்சிட்டது. ஞானா அதற்கு மேல் கிரீச்சிட்டாள். முதல் கம்பி போனது. கூடவே அவருடைய ஆள்காட்டி விரலில் கொஞ்சம் தோலும் போனது. அவர் கையை எடுக்கவில்லை. "அப்பா இருக்கேன்டா, அப்பா இருக்கேன்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டாவது கம்பியும் அறுந்தது. சீட் இரண்டு துண்டாகத் தரையில் விழுந்தது.

ஞானா இரண்டு எட்டு நடந்து பார்த்தாள். தொடையில் சிவப்பாக ஒரு கோடு, அவ்வளவுதான். அவர் அவளை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இனிமே உனக்கு ஜாங்கிரியே கிடையாது" என்றார்.

"சரிப்பா."

"ராத்திரி பால்சாதமும் பாதிதான்."

"சரிப்பா" என்று அவர் தோளில் சாய்ந்தாள். அந்தக் குழந்தையின் கனத்தைச் சுமந்துகொண்டு நிற்கும்போது, அப்படியொன்றும் குண்டாக இல்லையே என்று அவருக்குத் தோன்றியது. தோன்றி என்ன, நடந்தது நடந்துவிட்டது. சைக்கிளைக் கடைக்குள்ளேயே விட்டுவிட்டு, ரிக்‌ஷா பிடிக்க வைத்தியைக் கூப்பிட்டார்.

அப்போது ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்திலிருந்து ஒருவர் வேர்த்து விறுவிறுத்து அதே மாதிரி ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஓரத்தில் மஞ்சள் தடவிய புது வேட்டி. இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தை. காலையில் கிரகப்பிரவேசத்தில் முதல் மரியாதை வாங்கிக்கொண்ட கொத்தனார் முனிரத்தினம். யக்ஞநாராயணனைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அப்பாடா, உன்னத் தேடிகினுதான் சார் வரேன்; இந்தா உன் சைக்கிளு, என்னுத குட்த்தீன்னா பாப்பாவ சீட்ல குந்த வச்சி வூட்டுக்கு இட்டுகினு போவேன்!"