எழுபதாவது நிமிடத்து வலது கால்

சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு மேல் மைசூர் லஷ்கர் மொஹல்லாவில் ஆட்டோ கிடைக்காது. ஆட்டோ நிற்கும், ஓட்டுநர் இருக்கமாட்டார். மைதானத்துக்குப் போயிருப்பார். கால்பந்து பார்க்கவா? அட, நீங்க வேற! பந்தை யார் பார்த்தார்கள்? கால் பார்க்கப் போயிருப்பார். ஒரே ஒரு கால். அதுவும் வலது கால்.

அந்தக் காலின் சொந்தக்காரர் வலங்கால் சாமி. போன வருடம்வரை நஞ்சன்கூட்டில் வாழைக்காய் மண்டியில் ஏலம் கூவிக்கொண்டிருந்த கெம்பையன். ஒருநாள் மைசூருக்கு வந்தவர், லஷ்கர் ராக்கெட்ஸ் அணி ஆடிக்கொண்டிருந்த மைதானத்துக்குள் வலது காலை எடுத்து வைத்தார். ராக்கெட்ஸ் ஜெயித்தது. அடுத்த வாரமும் வைத்தார். ஜெயித்தது. மூன்றாவது வாரம் அவரைக் கெம்பையன் என்று கூப்பிட ஊரில் ஒருவருக்கும் தைரியம் இல்லை.

இந்த லீகில் மொத்தம் பதினாலு ஆட்டம் முடிந்திருந்தது. சாமி கால் வைத்தது ஒன்பது. ஒன்பதும் வெற்றி. கால் வைக்காதது ஐந்து. அதில் மூன்று தோல்வி, இரண்டு டிரா. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பி.யூ.சி. எழுதும் பிள்ளைகளின் ஹால்டிக்கெட்டை அந்தக் கட்டைவிரலில் ஒற்றி எடுத்துப் போனார்கள். பைக்குகளில் மஞ்சள் பாதம் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஞாயிறு தவறாமல் சர்ச்சில் பாட்டை எடுத்துக்கொடுக்கும் கிளைவ் சார்கூட, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எல்லாரும்தான் பார்த்தார்கள். சாதி, மதம், மொழி பார்க்காமல் ஒரு பேட்டையே ஒற்றுமையாக ஏமாந்த அழகு வேறு எங்கே கிடைக்கும்?

ஷாரனுக்கு மட்டும் வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? ராக்கெட்ஸின் பயிற்சியாளர் அவள்தான். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். பதினோரு வருடத்துக்கு முன்னால் எட்டு வயதுப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரைக் காலை ஆறு மணிக்கு இந்த மைதானத்தில் நிறுத்தினாள். மூன்று வருடம் எந்தப் போட்டிக்கும் அனுப்பவில்லை. ஒரு வருடம் முழுக்க இடது காலால் மட்டும் உதைக்க வைத்தாள். "கப்பு எங்கம்மா, கப்பு?" என்று கேட்டார்கள். "பதினோராம் வருஷம் கேளுங்க" என்றாள். சிரித்தார்கள். ஏழு கோல் வாங்கித் தோற்ற நாட்களில் சிரிப்பு இன்னும் பலமாக இருந்தது.

இப்போது அந்தப் பிள்ளைகளுக்குப் பத்தொன்பது வயது. ராக்கெட்ஸ் பதினோரு பேரில் ஒன்பது பேர் அவர்கள்தான். கணக்காகப் பதினோராம் வருடம் ஜெயிக்கிறார்கள். மாலை மட்டும் கெம்பையன் கழுத்துக்குப் போகிறது.

போகட்டும், மாலைதானே என்று ஷாரன் விட்டிருப்பாள். ஆனால் கிளப் தலைவர் பசவராஜ் ஒருநாள் மைக்கைப் பிடித்து அறிவித்தார்: மைதானத்தின் கிழக்குப் பாதியில் 'பாத மண்டபம்' கட்டப்படும். அந்த இடத்தில் காலையில் பயிற்சி எடுக்கும் அறுபத்து நாலு பிள்ளைகளின் வகுப்பு இந்த மாதத்தோடு நிறுத்தப்படும். பிள்ளைகள் ஓடி ஓடி மண்ணில் இறங்கிய சக்தியைக் கலைத்துவிடுகிறார்களாம். சாமியின் பாதமே சொன்னதாம்!

ஷாரன் நேராகப் பசவராஜின் பிளைவுட் கடைக்குப் போனாள். கொங்கு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர், யார் எதைச் சொன்னாலும் நம்புகிற அளவுக்கு நல்ல மனிதர்.

"அண்ணா, அந்த அறுபத்து நாலு பிள்ளைங்கதான் இன்னும் பத்து வருஷம் கழிச்சு நம்ம டீம். அவங்களை நிறுத்திட்டா அப்புறம் யாரு ஆடறது?"

"ஏனுங் டீச்சர், பாதம் இருக்குதுங்களே! அது வந்துச்சுன்னா எவன் ஆடுனா என்னங்க? ஒம்பதுக்கு ஒம்பதுங்க!"

"அதிர்ஷ்டமே இல்லேன்னு நான் சொல்லலண்ணா. பந்து கம்பத்துல பட்டு உள்ளயும் போகும், வெளியவும் போகும். அது யார் காலுக்கும் கட்டுப்படாது. நம்ம கையில இருக்கறது காலையில ஆறு மணி மட்டும்தான்."

"உங்களுக்கு நம்பிக்கை பத்தாதுங்க டீச்சர். சாமி எத்தன சுத்தமான மனுசன் தெரியுமுங்களா? செல்போனைத் தொடவே மாட்டாருங்க. கரண்டு பாதத்துச் சக்திய உறிஞ்சிப்போடுமாம்." அந்த நேரம் பார்த்துப் பசவராஜின் சொந்த செல்போன் கூப்பிட்டது. எடுத்துக்கொண்டு குடோன் பக்கம் போனார்.

ஷாரன் சுவரைப் பார்த்தாள். சட்டம் போட்ட ஒன்பது புகைப்படங்கள். ஒவ்வொன்றிலும் சாமி மைதான வாசலில் போட்ட கோட்டைத் தாண்டி வலது காலை வைக்கிறார். கால் நடுவில், பூ கீழே, பக்தர்கள் சுற்றிலும். பின்னால் சிறியதாக ஸ்கோர் பலகை. முதல் படத்தில் இரண்டுக்குச் சைபர். அடுத்ததில் மூன்றுக்கு ஒன்று. அதற்கடுத்ததில் மூன்றுக்குச் சைபர். ஒன்பதையும் பார்த்து முடித்தாள். கால் உள்ளே வரும்போதே ராக்கெட்ஸ் இரண்டு கோல் முன்னால் இருக்கிறது! ஒன்பதிலும்!

அட கெம்பையா! ஜெயிக்கிற ஆட்டத்துக்குத்தான் நீ வருகிறாய். நீ வந்து யாரும் ஜெயிக்கவில்லை.

அன்று மாலை மரியபுஷ்பத்தைப் பிடித்தாள். மரியபுஷ்பம் ஆஸ்பத்திரி நர்ஸ். சனிக்கிழமைகளில் ராக்கெட்ஸுக்கு முதலுதவிப் பெட்டியும் அவள்தான், ஸ்கோர் பலகையும் அவள்தான்.

"அக்கா, சாமி எத்தனை மணிக்கு உள்ள வர்றாரு?"

"எழுபதாவது நிமிஷம் வாக்குல. அதுவரை எதிர் டீக்கடை ஓரத்துல ஆம்னி வேன்ல உக்காந்து தியானம்."

"வேன் எந்தப் பக்கம் பார்த்து நிக்கும்?"

மரியபுஷ்பம் வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தபோது சிரிப்பு வந்தது. "அடிப்பாவி! பலகையைப் பார்த்து!"

ராக்கெட்ஸ் பலகைக்கு இரண்டு முகம். ஒன்று மைதானத்துக்கு, ஒன்று சாலைக்கு. முன்பெல்லாம் ஆட்டோ ஸ்டாண்டை விட்டு வர முடியாத ஆட்டோக்காரர்கள் மதில் ஏறி ஏறி ஸ்கோர் கேட்டுத் தொந்தரவு செய்ததால், மதிலுக்கு மேலே தெரிகிற மாதிரி பின்பக்கமும் எண் தகடு மாட்ட ஏற்பாடு. இரண்டு பக்கமும் மாட்டுகிறவள் மரியபுஷ்பம்.

"அக்கா, இந்தச் சனிக்கிழமை ரோட்டுப் பக்கத்தை மட்டும் தலைகீழா மாட்டுங்க. நாம அடிக்கற கோலை அவங்களுக்குப் போடுங்க. அவங்களோடதை நமக்கு."

"நாம ஜெயிச்சிட்டா?"

"ரோட்டுல தோக்கற மாதிரி தெரியும். அவர் வரமாட்டார். பாதம் இல்லாம ஜெயிச்சோம்னு ஆச்சு. நாம தோத்தா, வருவார். எப்படிப் பார்த்தாலும் மாட்டினார்."

சனிக்கிழமை எதிரணி சாமராஜநகர். ராக்கெட்ஸ் ஏற்கெனவே அரையிறுதிக்குத் தகுதி பெற்றாகிவிட்டது. அதனால் ஷாரன் பெரிய ஆட்டக்காரர்களை உட்கார வைத்து, பதினேழு வயதுக்காரர்களை இறக்கினாள். அவர்களுக்கும் பெரிய ஆட்டம் பழக வேண்டாமா? அதுவும் திட்டத்தில் எப்போதோ எழுதியிருந்ததுதான். ஆட்டம் முடிந்ததும் மண்டபத்துக்குப் பூமி பூஜை. கிழக்கு மூலையில் கல் வந்து இறங்கியிருந்தது.

சாமராஜநகர்க்காரர்கள் மூன்று பஸ்ஸில் தமட்டை மேளத்தோடு வந்திருந்தார்கள். பந்து வெளியே போனாலும் அடித்தார்கள், உள்ளே போனாலும் அடித்தார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்குச் சத்தத்தை வைத்து எதுவும் விளங்காது. பத்தாவது நிமிடம் ஒரு கோல் வாங்கினார்கள் நம் பிள்ளைகள். நாற்பதில் இன்னொன்று. அறுபத்தைந்தில் மூன்றாவது. மைதானத்துப் பக்கம் பலகை சொன்னது: ராக்கெட்ஸ் சைபர், சாமராஜநகர் மூன்று. சாலைப் பக்கம் அதையே திருப்பிச் சொன்னது.

பசவராஜ் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "சாமி இன்னிக்கு வரமாட்டாருங்களா?" என்று பத்துப் பேரிடம் கேட்டார்.

வந்தார்! ஏன் வரமாட்டார்? எழுபதாவது நிமிடம், மேளம் முன்னால், மாலை கழுத்தில், வலங்கால் சாமி வாசலில் நின்றார். காலை உயர்த்தினார். கோட்டைத் தாண்டி வைத்தார். மூன்று விரலை ஆகாயத்தில் நீட்டிக்கொண்டு, மண்டிக்காலத்துத் தொண்டையில் கூவினார்: "மூணு! மூணும் நான் கொடுத்தது! பாதம் கொடுத்தது!"

தமட்டைக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கோட்டோரம் நின்ற ஷாரன், பிள்ளைகளைக் கூப்பிடுகிற அதே குரலில் கேட்டாள்:

"சாமி, மூணு கோல் யாருக்கு?"

"யாருக்கா? நமக்கு! நம்ம ராக்கெட்டுக்கு!"

"எங்க பார்த்தீங்க?"

"ஞானத்துல பார்த்தேம்மா. வேன்ல உக்காந்தபடியே கண்ணை மூடி..."

"ஞானம் ரோட்டைப் பார்த்து மாட்டியிருக்கு சாமி!" பலகை மேடையிலிருந்து மரியபுஷ்பம் கத்தினாள். பின்பக்கத் தகடுகள் இரண்டையும் கழற்றி, எல்லாருக்கும் தெரியத் தூக்கிக் காட்டினாள். "நான்தான் மாத்தி மாட்டினேன். இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பிப் பாருங்க, நாம வாங்கினது மூணு!"

சாமி திரும்பினார். பார்த்தார். நீட்டிய மூன்று விரல் ஒவ்வொன்றாக மடங்கியது. முதலில் சிரித்தவர்கள் சாமராஜநகர்க்காரர்கள். அவர்களில் ஒருவர் ஓடிவந்து, "ஸ்வாமி நம்ம கடெ! நம்ம பக்கம்!" என்று சொல்லிச் சாமியின் காலில் விழப் போனார். கோல் வாங்கிக் கொடுத்த கால் அல்லவா! அவரைப் பிடித்து இழுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

"சந்தேகப்படறவங்க நின்ன மண்ணு இது," என்று சாமி ஆரம்பித்தார். "பாதம் கோவிச்சிக்கிட்டு மாத்திக் கொடுத்திருச்சு..."

"சரி சாமி," என்றாள் ஷாரன். "அடுத்த சனிக்கிழமை அரையிறுதி. சந்தேகமே வேண்டாம், நானே நாற்காலி போடறேன். ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வந்து உக்காருங்க. முடியறவரைக்கும் இருங்க."

"முன்னாடியே வர்றதுக்கு... பாதத்துக்கு வெயில் ஆகாதும்மா."

கேலரியில் எங்கேயோ ஒருவன் சிரித்தான். அப்புறம் கேலரியே சிரித்தது. கிளைவ் சார்தான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தார். பாவம், காலைத் தொட்டதை எல்லாரும் மறக்க வேண்டுமே என்று அவருக்கு அவசரம்.

பசவராஜ் சிரிக்கவில்லை. ஷாரன் அவரிடம் வந்து, "அண்ணா, உங்க செல்லுல அந்த ஒம்பது போட்டோ இருக்குமே, காலை விட்டுட்டுப் பின்னாடி பலகையைப் பாருங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "ரெண்டு சைபரு... மூணு ஒண்ணு... மூணு சைபரு..." ஒன்பதாவது வந்ததும் மறுபடி முதலிலிருந்து பார்த்தார். "ஏனுங் டீச்சர், இவரு வர்றதுக்கு முன்னாலயே நாம ஜெயிச்சிட்டுத்தான் இருந்தமுங்களா?" நிமிர்ந்து சாமியைத் தேடினார். ஆம்னி வேன் டீக்கடையைத் தாண்டிப் போய்விட்டிருந்தது.

ஆட்டம் அதே மூன்றுக்குச் சைபரில் முடிந்தது. பூமி பூஜை நடக்கவில்லை. வகுப்பு நிற்காது என்று பசவராஜ் அன்றே அதே மைக்கில் அறிவித்தார். ஷாரன் முதல்முறையாக எல்லார் முன்னாலும் அழுதாள். மூக்கைத் துடைத்துவிட்டு, மூன்று கோல் வாங்கிய பிள்ளைகளை ஏன் இடைவெளி விட்டீர்கள் என்று திட்டப் போனாள்.

திங்கட்கிழமை காலை ஆறு மணி. அறுபத்து நாலு பேரும் வரிசையில் நிற்கிறார்கள். பசவராஜ் வருகிறார். கையில் ஒரு தேங்காய், எலுமிச்சம்பழம் ஒரு டஜன்.

"என்னண்ணா இது?"

"ஒண்ணுமில்லீங் டீச்சர்." குரலைத் தாழ்த்தினார். "அந்தத் தகரப் பலகைக்கு ஒரு பூசை போட்டுப்போடலாம்னு. உண்மையக் காட்டிக் குடுத்த பலகையாச்சுங்களே, அதுல எதோ ஒரு சக்தி..."

ஷாரன் தேங்காயை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அண்ணா, ஒரு டீம் உண்டாக்க எனக்குப் பதினோரு வருஷம் ஆச்சு. உங்களை யோசிக்க வைக்க அதைவிடக் கூட ஆகும் போல. பரவால்ல, இன்னிக்கே ஆரம்பிச்சிடலாம். போய் எட்டு வயசுக்காரங்க வரிசையில நில்லுங்க. அப்படியே கிளைவ் சாருக்கும் ஒரு போன் போட்டு வரச் சொல்லுங்க."