தெருவே பார்த்து எழுதிய ஆட்சேபணை

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் ஆசியுடன் எழுதுவது. இங்கே உன் அண்ணி நலம். நானும் நலம்தான், தலையைக் குனிந்தபடி. உன் நலத்தை விசாரிக்கவே வாய் கூசுகிறது. பின்பக்க மனையைப் பிரித்து உன் பெயருக்கு எழுதித் தருகிறேன், வீடு கட்டிக்கொள் என்று கொடுத்த வாக்கில் நானே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன். உன் வாடகை வீட்டின் சொந்தக்காரரிடம் காலி செய்வதாகச் சொல்லிவிடாதே.

மனையை இரண்டாகப் பிரிக்க நகராட்சியில் விண்ணப்பம் கொடுத்தேனா, அக்கம்பக்கத்தாரின் கருத்தை எழுத்தில் கேட்டார்கள். எதிர்வீட்டுத் தையல்காரர், "அதெல்லாம் எழுத எனக்கு எங்க சார் வரும்?" என்றார். மாதிரி ஒன்று கையில் இருந்தால் எந்த மாணவனும் தைரியமாக எழுதுவான், எனக்குத் தெரியாதா? ஆதரித்து ஒரு மாதிரிக் கடிதம் எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எதையும் இரண்டு பக்கமும் பார்த்துத்தானே முடிவெடுக்க வேண்டும், வகுப்பில் அப்படித்தானே சொல்லிக்கொடுத்தோம் என்று எதிர்த்தும் ஒன்று எழுதி, இரண்டையும் நகலெடுத்து வீடு வீடாகக் கொடுத்தேன். ஆதரவுக் கடிதம் நாலு வரிதான் வந்தது. எதிர்ப்புக்கு உட்கார்ந்தேன், பேனா நிற்கவில்லையம்மா! சாக்கடை தாங்காது, வண்டி நிறுத்த இடம் இருக்காது, இரண்டு பேர் உட்காரும் பஸ் சீட்டில் மூன்றாவது ஆள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று உதாரணம் வேறு. தெருவே அதைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டது. தையல்காரரிடம் போய், "ஏங்க, நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?" என்றால், "ஐயோ, கோவிச்சுக்காதீங்க சார். ரெண்டையும் படிச்சேன், எதிர்க்கிறதுதான் மனசுல நின்னுது. சாக்கடை விஷயமே நீங்க சொல்லித்தான எனக்குத் தெரியும்!" என்கிறார். நகராட்சி அதிகாரியோ, "என்ன சார், உங்க தெருவுல எல்லாரும் ஒரே பஸ்லதான் போறீங்களா?" என்று கேட்டார். எழுதியது நான்தான் என்று சொல்லாமல் நழுவி வந்துவிட்டேன். உன் அண்ணி இதுவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

உன் முகத்தில் விழிக்கத் தைரியம் வந்ததும் நேரில் வருகிறேன். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். மாமா எழுதிய எதையும் பார்த்து எழுத வேண்டாம் என்று சொல்லி வை.

இப்படிக்கு,
வெட்கத்துடன்,
உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அதிகாரி போன் செய்தார். ஆட்சேபணை எல்லாம் ஒரே ஆள் கைவேலை என்று தள்ளிவிட்டார்களாம். தையல்காரர், 'உங்கள் பெயரை இங்கே எழுதவும்' என்பதைக்கூட விடாமல் எழுதியிருந்தாராம். சாக்கடையும் தாங்குமாம். அனுமதி கிடைத்துவிட்டது! மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, வீட்டுச் சொந்தக்காரரிடம் காலி செய்வதாகச் சொல்லிவிடு. சொந்த நடையில் வந்த கடிதம் ஒன்றே ஒன்றுதானாம், உன் அண்ணியுடையது. அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசித்துக் காட்டினார்: "மனையைப் பிரித்துக் கொடுங்கள். நடுவில் சுவர் மட்டும் வேண்டாம். இவர் உதாரணம் சொல்ல ஆரம்பித்தால் நான் எழுந்து போக ஒரு வீடு வேண்டும்."